விளக்கேற்றி வெளியிட்ட தளங்கள் எங்கே?

எங்கட ஊர்களில் ஒரு இணையத்தளத்தை எப்படி வெளியிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மண்டபம் எடுப்பார்கள். பதாகை அடிப்பார்கள். மங்கள விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பிறகு இன்னொரு வாழ்த்துரை. கடைசியில் பிரதம விருந்தினர் எழுந்து வந்து, யாரோ ஒரு பெடியன் தயாராகப் பிடித்துக்கொண்டு நிற்கும் லப்டொப்பில் மவுஸை ஒருதரம் அமத்துவார். திரையில் முகப்புப் பக்கம் விரியும். கைதட்டு. ரீயும் ரோல்ஸும். அடுத்தநாள் பேஸ்புக்கில் நாற்பது படம்.

இரண்டு வருசம் கழித்து அந்த முகவரியை ஒருக்கா அடித்துப் பாருங்கள். ஒன்றில் டொமைன் விற்பனைக்கு என்று போட்டிருக்கும். அல்லது சூதாட்டத் தளம் ஒன்று திறக்கும். அல்லது பாதுகாப்பில்லாத தளம் என்று பிரவுசரே கத்தும். பழைய மாணவர் சங்கம், சனசமூக நிலையம், வாசிகசாலை, இலக்கிய வட்டம், கோயில் பரிபாலன சபை என்று ஆளாளுக்குத் தளம் திறந்தவர்கள்தான் எல்லாரும். மவுஸை அமத்திய பிரதம விருந்தினரின் படம் பேஸ்புக்கில் இன்னும் இருக்கிறது. தளம் இல்லை.

இதைச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நாங்களும் அதையேதான் செய்தோம். அந்தத் தகுதிதான்.

எங்கள் வாதம் சின்னது. ஒரு தளத்தைப் பொதுவில் ஏற்றுவது என்பது அந்த ஒரு நாள் வேலை அல்ல. அடுத்தநாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கவேண்டும். ஆள் இல்லையென்றால் ஏற்றக்கூடாது. ஏற்றுவதைவிட ஏற்றாமல் விடுவது மேல். ஏனென்றால் ஏற்றிய பிறகுதான் சனம் எங்களை நம்பித் தங்களிடம் இருப்பதைத் தருகிறது.

நாங்கள் தளத்தை ஜாங்கோவில் செய்தோம். ஏன் ஜாங்கோ? எங்களில் இருவருக்குக் கம்பஸில் பைதன் படிப்பித்திருந்தார்கள். யூரியூப்பில் பாடங்கள் நிறைய இருந்தன. காசு இல்லை. இதில் எதையும் நாங்கள் ஆழமாக யோசித்துத் தெரிவுசெய்யவில்லை. ஆனால் ஜாங்கோ எங்கே பிறந்தது என்பதை அப்போதே வாசித்திருந்தால் சில விசயங்கள் விளங்கியிருக்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற சிறிய நகரம். அங்கே வெளிவந்த லோரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட் என்ற பத்திரிகையின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹொலவற்றி, சைமன் வில்லிசன் என்ற இருவர் 2003இல் தங்கள் செய்தித் தளங்களை வேகமாகக் கட்டுவதற்காக எழுதத் தொடங்கிய நிரல்தான் அது. 2005 ஜூலையில் திறந்த மூலமாக உலகத்துக்குக் கொடுத்தார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிற்றார் கலைஞரின் பெயரை வைத்தார்கள். 2008இல் அதைப் பராமரிக்கவென்றே இலாப நோக்கமற்ற அமைப்பொன்றை உருவாக்கினார்கள்.

பத்திரிகைக் கந்தோர் என்பதைக் கவனியுங்கள். பின்னேரம் மூன்று மணிக்கு ஆசிரியர் வந்து, இரவுக்குள் இந்தப் பக்கம் வேணும் என்று சொல்கிற இடம். அதனால்தான் ஜாங்கோவைத் தொடங்கியவுடனேயே, சில வரிகள் எழுதினாலே, ஆசிரியர்கள் உள்ளே வந்து செய்தி போடுவதற்கான நிர்வாகப் பக்கம் கிடைக்கிறது. அந்தப் பக்கத்தின் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாளைக்கும் இந்தக் கதிரையில் ஒரு ஆள் இருப்பார், நாளையன்றைக்கும் இருப்பார் என்ற நம்பிக்கை. நாங்கள் கருவியை இறக்கிக்கொண்டோம். கதிரையில் ஆளை இருத்தவில்லை.

எங்கள் வெளியீட்டு விழா நடந்த அன்று (ஓம், எங்களுக்கும் பிரதம விருந்தினர் இருந்தார்) பெரிய திரையில் முகவரியை அடித்துக் காட்டும்போது எங்களில் ஒருத்தியின் கை தவறி ஒரு எழுத்துப் பிழைத்தது. வழக்கமாக இப்படி நடந்தால் 'பக்கம் இல்லை' என்று ஒரு வரி வரும். எங்களுக்கு வந்தது ஜாங்கோவின் பிழைதிருத்தப் பக்கம். எங்கள் தளத்தில் என்னென்ன முகவரிகள் உள்ளன என்ற முழுப்பட்டியலும் ஐந்தடி உயரத்தில் விரிந்தது. முதல் வரியே நிர்வாகப் பக்கத்தின் முகவரி. சபையில் யாருக்கும் விளங்கவில்லை என்று நினைத்தோம். கடைசி வரிசையில் இருந்த ஓ.எல். படிக்கிற பெடியன் ஒருவனுக்கு விளங்கிவிட்டது. தன்னுடைய போனில் அந்த முகவரியைத் திறந்து, எங்கள் குழுவின் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்த்துக் கடவுச்சொல்லாக அடித்திருக்கிறான். உள்ளே போய்விட்டான். ரீ குடிக்கும்போது கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, உங்கட பாஸ்வேர்ட்டை மாத்துங்கோ." நல்ல பெடியன். வேறு யாருமாக இருந்தால்?

விசயம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஜாங்கோவின் அமைப்புக் கோப்பில் 'டீபக்' என்று ஒரு வரி இருக்கும். வேலை செய்துகொண்டிருக்கும்போது அது 'ஓம்' என்ற நிலையில் இருக்கவேண்டும். எங்கே பிழை, எந்த வரியில் பிழை என்று எல்லாவற்றையும் விரித்துக் காட்டும். பொதுவில் ஏற்றும்போது அது 'இல்லை' என்று மாறவேண்டும். ஏனென்றால் உங்களுக்கு உதவுகிற அதே விபரம் களவுக்கு வருகிறவனுக்கும் உதவும். இது இரகசியமல்ல. ஜாங்கோவின் ஆவணத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் தளத்தை ஓட்டிய 'ரன்சேர்வர்' என்ற கட்டளை பற்றியும் அதே ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது: இது வேலைசெய்து பார்ப்பதற்கு மட்டும், பாதுகாப்புச் சோதனை எதற்கும் உட்படாதது, பொதுவில் பாவிக்காதே.

அடுத்தநாள் வெட்கத்தோடு இருந்து 'இல்லை' என்று மாற்றினோம். தளம் மொத்தமாகவே படுத்தது. எந்தப் பெயரில் வரும் வேண்டுகோளை ஏற்கலாம் என்று கேட்கும் வரியை நாங்கள் நிரப்பியிருக்கவில்லை. அதில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டோம். யார் வந்தாலும் ஏற்றுக்கொள் என்று அர்த்தம். தளம் வந்தது, ஆனால் நிறமும் வடிவமும் இல்லாமல் அம்மணமாக வந்தது. டீபக் நிறுத்தப்பட்டால் நிலையான கோப்புகளை ஜாங்கோ தானாகப் பரிமாறாது. அவற்றை ஒரு இடத்தில் திரட்டி, என்ஜின்எக்ஸ் போன்ற வேறொரு சேர்வரிடம் கொடுக்கவேண்டும். நடுவில் குனிகோர்ன் போல ஒன்று நின்று பைதனை ஓட்டவேண்டும். இதெல்லாம் இரண்டு நாள் வேலை. விளங்கிச் செய்தால் ஒரு நாள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? திரும்பவும் 'ஓம்' என்று மாற்றினோம். நிறம் வந்தது. வடிவம் வந்தது. "இப்ப வேலை செய்யுதுதானே, பேந்து பாப்பம்." அந்தப் 'பேந்து' எட்டு மாதம்.

எங்கட சமூகத்தில் ஓடுகிற தளங்களில் பாதி இந்த 'பேந்து பாப்பம்' நிலையில்தான் ஓடுகின்றன என்பது எங்கள் சந்தேகம். எண்ணிப் பார்க்கவில்லை, அதனால் சந்தேகம் என்றே சொல்கிறோம். ஆனால் எங்களிடம் உதவி கேட்டு வந்தவர்களின் கோடைத் திறந்தபோது கண்டது பெரும்பாலும் அதைத்தான். இரகசியச் சாவி என்று ஜாங்கோ உருவாக்கித் தருகிற நீண்ட எழுத்துக்கோவை இருக்கிறது. தளத்தின் பூட்டுக்கெல்லாம் அதுதான் மூலம். 3.2 பதிப்பிலிருந்து, புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் அதன் முன்னால் 'இது பாதுகாப்பற்றது' என்ற பொருளில் ஒரு சொல்லையே ஒட்டித் தருகிறார்கள், பொதுவில் போடும்போது மாற்றவேண்டும் என்று நினைவூட்ட. அந்தச் சொல்லோடு சேர்த்தே கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கப் போட்டிருந்தார்கள். நாங்களும்தான். எல்லாவற்றையும் சரிபார்த்து எச்சரிக்கிற கட்டளை ஒன்றும் ஜாங்கோவிலேயே இருக்கிறது. ஒரு வரி அடித்தால் போதும், என்னென்ன பிழை என்று சொல்லும். நாங்கள் அதை முதல்முறை அடித்தது எல்லாம் முடிந்த பிறகு.

எல்லாம் முடிந்த பிறகு என்றால், இதுதான் நடந்தது.

எங்கள் தளத்தின் பெரிய வேலை ஒலிப்பதிவு. ஊரில் வயதானவர்களிடம் போய் பாட்டு, கதை, இடம்பெயர்ந்த நினைவு என்று போனில் பதிந்து ஏற்றினோம். அதில் ஒரு ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். அவர் ஒப்பாரி சொல்வார். செத்தவீட்டுக்கு ஒப்பாரி சொல்ல இப்போது ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். செத்தவீடில்லாமல் சும்மா இருந்து ஒப்பாரி சொன்னால் வீட்டுக்குக் கூடாது என்று முதலில் மறுத்தார். மூன்றாம் முறை போனபோது, படலைக்கு வெளியே வேலியோரம் கதிரை போட்டு இருந்து சொன்னார். பதினொரு நிமிசம். தளத்தில் ஏற்றினோம். போனில் இடம் போதவில்லை என்று பதிந்தவர் அதை அழித்துவிட்டார். அழிக்கும்போது எங்களிடம் கேட்டார். "தளத்தில இருக்குத்தானே, அழியுங்கோ" என்று சொன்னது நாங்கள்தான்.

நாங்கள் பாவித்தது ஒரு இலவச ஹோஸ்டிங். புதிய கோடை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேர்வரின் வட்டு துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். அதை அவர்கள் தங்கள் விதிகளில் எழுதியிருந்தார்கள். நாங்கள் வாசிக்கவில்லை. கட்டுரைகள் வேறொரு இடத்தில் தரவுத்தளத்தில் இருந்தன, அவை தப்பின. சனம் ஏற்றுகிற கோப்புகள் (படம், ஒலி) அந்த வட்டில் இருந்தன. எட்டு மாதம் யாரும் கோடைத் தொடவில்லை, அதனால் எல்லாம் இருந்தது. தைப்பொங்கலுக்கு முகப்பில் ஒரு வாழ்த்துப் படம் போட வேண்டும் என்று ஒருத்தருக்கு ஆசை வந்தது. போட்டார். பொங்கல் படம் வந்தது. இருபத்தாறு ஒலிப்பதிவுகளும் போயின.

பலவற்றைத் திரும்பப் பதிந்தோம். ஆச்சி அந்தக் கார்த்திகையிலேயே காலமாகிவிட்டார். அவருடைய மகள் போன் எடுத்து, "அம்மாவின்ர குரலை ஆண்டுத் திவசத்துக்குப் போடவேணும், லிங்கை அனுப்புங்கோ தம்பி" என்று கேட்டபோது எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஒருத்தி போய் நேரில் சொன்னாள். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பற்றி நாங்கள் எத்தனை கட்டுரை எழுதுகிறோம், எத்தனை கவிதை வாசிக்கிறோம். அதை எரித்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். எங்கள் இருபத்தாறு பதிவை அழித்தது பொங்கல் படம் போட வந்த எங்கள் கை. இரண்டும் ஒன்றல்ல. ஒன்று என்று சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் அழிவைப் பற்றி இவ்வளவு கதைக்கிற ஒரு சமூகம், பக்கப் எடுக்கப் பழகாமல் இருப்பதை எப்படி விளங்கிக்கொள்வது? அந்தத் துயரத்திலிருந்து வேறொரு பழக்கத்தை எடுத்துக்கொண்டவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்றைக்கும் ஒவ்வொரு நாளும் ஸ்கான் செய்து, பட்டியலிட்டு, சேமித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் தளமும் திறந்த மூல மென்பொருளில்தான் ஓடுகிறது. வித்தியாசம் மென்பொருளில் இல்லை.

'இலவசம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சண்டை பிடிக்கவேண்டும். திறந்த மூலம் என்றவுடன் எங்கட சங்கங்களுக்கு விளங்குவது 'சும்மா கிடைக்கும்' என்பதுதான். "தம்பி, உது ப்ரீதானே, ஏன் காசு கேக்கிறியள்?" ஜாங்கோ இலவசம். சேர்வர் இலவசமல்ல. டொமைன் இலவசமல்ல. அதைப் பார்க்கிற ஆளின் இரவு இலவசமல்ல. பதாகைக்கும் மண்டபத்துக்கும் ரோல்ஸுக்கும் கணக்குப் பார்க்காத நிர்வாகம், வருடாந்த டொமைன் காசுக்கு மூன்று கூட்டம் வைக்கும். இது நாங்கள் கண்ணால் கண்டது.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாத நடுவில் 360ஐத் தொட்டது. மாதம் ஆறு டொலர் சேர்வர் 1200 ரூபாவிலிருந்து 2160 ஆனது. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் யாருக்குச் சேர்வர் காசு ஞாபகம் வரும்? எங்களுக்குத் தெரிந்த ஒரு வாசகர் வட்டத்தின் தளம் அந்த வருடம்தான் செத்தது. பொருளாதாரம்தான் கொன்றது என்று சொல்லலாம். ஆனால் டொமைன், கனடாவுக்குப் போன ஒரு அண்ணாவின் பழைய மின்னஞ்சலில் பதிந்திருந்தது. கட்டச்சொல்லி வந்த கடிதங்கள் அவர் திறக்காத அந்தப் பெட்டிக்குப் போயின. காசு சேர்ந்த பிறகும் கட்ட வழியில்லை, ஏனென்றால் கடவுச்சொல் அவருக்கே மறந்துபோயிருந்தது. இப்போது அந்தப் பெயரில் வேறு யாரோ எதையோ விற்கிறார்கள்.

சங்கத்தின் காணி உறுதி செயலாளரின் மாமாவின் பெயரில் இருந்தால் பொதுக்கூட்டத்தில் அடிபடுவோம். டொமைன் யாரின் பெயரில் இருக்கிறது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை.

இந்த நோய் ஊர்ச் சங்கங்களுக்கு மட்டும் உரியது என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. அரச மின்னஞ்சல்கள் ஆயிரக்கணக்கில் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் திரும்பவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குத் தனியான பக்கப் இருக்கவில்லை. அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தது காலாவதியான பழைய பதிப்பு. புதுப்பிக்க நிதியில்லாமல் தள்ளிப்போட்டார்கள் என்று அப்போது சொன்னார்கள். அங்கேயும் 'பேந்து பாப்பம்'தான். மொழிதான் வேறு.

புதுப்பித்தல் என்ற இடத்தில் இன்னும் ஒன்று. ஜாங்கோ இரண்டு வருசத்துக்கு ஒருமுறை நீண்டகால ஆதரவுள்ள பதிப்பொன்றை வெளியிடுகிறது. 2023 ஏப்ரலில் 4.2, 2025 ஏப்ரலில் 5.2. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்று வருசம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குப் பிறகு வராது. அதாவது ஜாங்கோவில் தளம் கட்டும்போதே, மூன்று வருசத்துக்குள் ஒருத்தர் திரும்பவும் இந்தக் கோடைத் திறந்து திருத்துவார் என்று வாக்குக் கொடுக்கிறோம். கம்பஸ் மாணவர்கள் கட்டுகிற தளத்தில் மூன்று வருசம் என்றால் கட்டியவர் பட்டம் முடித்து, கொழும்பில் வேலை எடுத்து, அல்லது விமானம் ஏறி, போயிருப்பார். பூட்டுக்கான இலவசச் சான்றிதழ் இன்னும் மோசம், தொண்ணூறு நாள்தான். அதைத் தானாகப் புதுப்பிக்க வைக்கலாம். அந்தத் தானியக்கம் ஒருநாள் நின்றுபோனால் கவனிக்க மனிதர் வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் நாங்கள் ஜாங்கோவுக்கு எதிரி என்று எடுக்கவேண்டாம். எங்களுக்கு அதில் கோபம் இருக்கிற ஒரே இடம் தமிழ். ஒரு கட்டுரையின் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்க அதில் ஒரு செயற்பாடு இருக்கிறது. அதற்குத் தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் எல்லா எழுத்தையும் எறிந்துவிட்டு வெறுமையைத் திருப்பித் தரும். எங்கள் முதல் கட்டுரைக்கு வெறும் முகவரி. இரண்டாவதைப் போட்டபோது, அதே வெறுமை ஏற்கெனவே இருக்கிறது என்று தரவுத்தளம் மறுத்தது. பிறமொழி எழுத்தை அனுமதி என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்துப் போட்டோம். அப்போது 'தமிழ்' என்பது 'தமழ' ஆகியது. 'யாழ்ப்பாணம்' என்பது 'யழபபணம'. மெய்யைத் தனியே, உயிர்க்குறியைத் தனியே வைக்கிறது யூனிகோட். பைதனின் கணக்கில் கால், கொம்பு, விசிறி, குற்று எதுவும் எழுத்தல்ல, அதனால் வெட்டி எறிகிறது. இத்தனைக்கும் எங்கள் நாட்டுக்கு .இலங்கை என்ற தமிழ் டொமைன் முடிவே 2010இலிருந்து இருக்கிறது. டொமைனில் நிற்கிற கால், முகவரியின் மற்றப் பாதியில் முறிந்துவிடுகிறது.

அந்த இரவு நாங்கள் நன்றாகத் திட்டினோம். பிறகு எங்கள் கோடில் ஒரு ஒட்டுப்போட்டு, முகவரிக்கு இலக்கம் மட்டும் போதும் என்று முடித்தோம். ஆனால் இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. திறந்த மூலம் என்பதன் அர்த்தமே அந்த ஒட்டை மேலே அனுப்பலாம் என்பதுதான். நாங்கள் அனுப்பவில்லை. நிர்வாகப் பக்கத்தைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தபோது பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வந்தது. அதையும் தன்னார்வலர்கள்தான் மொழிபெயர்க்கிறார்கள், யாரும் சேரலாம். நாங்கள் சேரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இதே நாட்டில் தன்னார்வலர்கள் கூடி 'சகானா' என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதி உலகத்துக்குக் கொடுத்தார்கள். எடுப்பவர்களாக மட்டும் இருக்கவேண்டும் என்று எங்களுக்கு யாரும் விதி எழுதவில்லை.

"பெடியள் ஆர்வத்தில செய்யிறாங்கள், ஏன் பயப்படுத்துறியள்? பிழை விட்டுத்தானே படிக்கிறது" என்று ஒரு அக்கா இந்தக் கட்டுரையின் முதல் வரைபை வாசித்துவிட்டுக் கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் சொந்தப் பக்கத்தில் எவ்வளவு பிழையும் விடுங்கள். டீபக்கை ஓம் என்று விட்டுவிட்டு நித்திரை கொள்ளுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை. ஆச்சியின் குரலை வைத்துக்கொண்டு படிக்கக்கூடாது. ஒரு அமைப்பின் பெயரில், மற்றவர்களின் பொருளை வாங்கி, விளக்கேற்றித் திறக்கிற இடத்தில் எங்கள் படிப்புச் செலவை அவர்கள் தலையில் கட்டக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது நிரல் எழுதுகிற நண்பர்களுக்குப் பிடிக்காது. எங்கட தளங்களில் அநேகமானவற்றுக்கு ஜாங்கோ தேவையே இல்லை. வருசத்துக்கு ஆறு அறிவித்தல் போடுகிற பழைய மாணவர் சங்கத்துக்கு எதற்குத் தரவுத்தளம்? எதற்கு நிர்வாகப் பக்கம்? நாலு எச்.ரி.எம்.எல். பக்கத்தை எழுதி வைத்தால் உடைக்க உள்ளே ஒன்றும் இல்லை, மூன்று வருசத்தில் காலாவதியாகவும் ஒன்றும் இல்லை. ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து அலுமாரியில் வைக்கலாம். ஆனால் அதைச் செய்தால் சுயவிபரக் கோவையில் 'ஜாங்கோ' என்று எழுத ஏலாது. பல தளங்கள் சங்கத்தின் தேவைக்காக அல்ல, கட்டியவரின் வேலை விண்ணப்பத்துக்காகக் கட்டப்பட்டவை. நாங்கள் கட்டியதிலும் அந்த ஆசை பாதி இருந்தது.

இப்போது எங்கள் கட்டுரைகள் எல்லாம் வெறும் பக்கங்களாக இருக்கின்றன. ஒலிப்பதிவுகளுக்கு மட்டும் ஜாங்கோவை வைத்திருக்கிறோம், ஏனென்றால் ஊர், ஆள், பாட்டின் வகை என்று தேட அது வேண்டும். டீபக் 'இல்லை'. நட்சத்திரக் குறி போய்விட்டது. சாவி கோடில் இல்லை. பிழை வந்தால் இரண்டு பேருக்கு மின்னஞ்சல் போகும். பதிவுகள் மூன்று இடத்தில் இருக்கின்றன, அதில் ஒன்று எங்களில் ஒருத்தியின் வீட்டு அலுமாரியில் உள்ள வன்தட்டு. மாதம் ஒருமுறை அந்தப் பக்கப்பிலிருந்து எதையாவது ஒன்றைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். எடுத்துப் பார்க்காத பக்கப் இருந்தும் இல்லாததுதான். ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது: டொமைன் யாருக்குச் சொந்தம், எப்போது முடிகிறது, யார் காசு கட்டுகிறார், அவர் இல்லாவிட்டால் யார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், ஜாங்கோ 5.2க்கான ஆதரவு 2028 ஏப்ரலில் முடியும் என்று சிவப்புப் பேனையால் எழுதி, எதிரே இரண்டு பெயர். இதற்கெல்லாம் விழா வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு பேர் இருந்து மாற்றிவிட்டு, கடையில் ரீ குடித்துவிட்டுப் போனோம்.

அடுத்த மாதம் ஒரு ஊரில் புதிய தளம் ஒன்றை வெளியிடுகிறார்கள். மதிப்பீட்டுரை செய்ய எங்களையும் கேட்டிருக்கிறார்கள். அழைப்பிதழ் அழகாக இருக்கிறது, மூன்று சங்கங்களின் இலச்சினை, எட்டுப் பேச்சாளர். வருகிறோம் என்று சொல்லி, கூடவே இரண்டு கேள்வியும் அனுப்பினோம். டொமைன் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது? கடைசியாகப் பக்கப் எடுத்தது எப்போது?

விழா பின்னேரம் மூன்று மணிக்கு, ரீ உண்டு என்று பதில் வந்தது.